ஏரிக்குப் போகுமுன் கிணற்றுக்கு

சித்திரை மாதத்து வெயில் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களையும் ராசிபுரத்துக் கடைவீதியையும் ஒருசேரக் காய்ச்சத் தொடங்கி, இரவு பத்து மணிக்குக்கூடச் சுவர்கள் அனல் விடுவது நிற்காத காலத்தில், நம் பக்கத்து வீடுகளில் ஏதேனும் ஒரு மாலைப்பொழுது மொட்டை மாடியில் நின்றுகொண்டிருக்கும் குழந்தை ஒன்று தூரத்தில் நீலம் பாரித்துக் கிடக்கும் மலையைக் காட்டி, "அங்கே போலாமா?" என்று கேட்டுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு இல்லையென்று பதில் சொன்ன பெற்றோரை நான் அதிகம் கண்டதில்லை. மறுநாளே வண்டிக்குச் சொல்லியாகிறது. புளிக்காய்ச்சல் அடுப்பில் ஏறுகிறது. பரணிலிருந்து சென்ற வருஷத்துக் குல்லாய்கள் இறங்குகின்றன. வண்டி எது, சோறு எது, துணி எது என்று இத்தனை முன்யோசனையோடு நடக்கிற ஏற்பாட்டில், எந்த நீரைப் பார்ப்பதற்காக இவ்வளவு சிரமமும் படுகிறோமோ அந்த நீரைப்பற்றி மாத்திரம் ஒருவரும் யோசிப்பதில்லை.

காலையில் போய் இரவு வீடு திரும்பக்கூடிய மலையேரி என்று பார்த்தால் நமக்கு இரண்டே கைக்கெட்டுகின்றன. ஒன்று, ஊரின் பெயரிலேயே குடிகொண்டுவிட்ட ஏற்காட்டு ஏரி. மற்றொன்று, கொல்லிமலையில் வாசலூர்ப்பட்டிப் படகு இல்லம் இருக்கும் சிறு நீர்நிலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருக்குமானால் ஏற்காட்டையே தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன். சேலத்திலிருந்து அதற்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதோடு நின்றுவிடுகின்றன. ஏரியைச் சுற்றியே பூங்கா, நிழல், கழிப்பறை முதலான சௌகரியங்கள் அமைந்திருக்கின்றன. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியாகப் போகும் சாலையில் வளைவுகள் குறைவு என்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் சுற்றானாலும் அதைப் பரிசீலிப்பது நல்லது. ஆடி பதினேழு, பதினெட்டு தேதிகளில் ஓரி விழாவுக்காக அந்த மலை முழுவதும் ஜனசமுத்திரமாகிவிடும். அதைப்போலவே மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காட்டில் வண்டி நிறுத்தவும் இடம் கிடைப்பது துர்லபம். ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகளைச் சின்னக் குழந்தைகளோடு நினைத்தும் பார்க்க வேண்டாம். இறங்குவது சுலபம், ஏறும்போது குழந்தை தோளில் வந்துவிடும்.

வளைவுகளைப்பற்றி ஒரு வார்த்தை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பாதிப் பிரயாணங்கள் ஏரியை எட்டுவதற்கு முன்பே, பத்தாவது வளைவில், தாயின் மடியிலேயே கெட்டுப்போகின்றன. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு உடம்பு சுழல்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்க, முன்சீட்டின் முதுகையோ கையிலுள்ள செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சாதித்துக்கொண்டிருக்க, இந்த இரண்டு சாக்ஷியங்களுக்கும் இடையே பிறக்கும் குழப்பமே குமட்டலும் வாந்தியும் ஆகும். இரண்டு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கு இந்த உபாதை அபூர்வம். அதற்குமேல் பன்னிரண்டு வயதுவரைதான் மிகுதி. ஆகவே, மலையடிவாரம் வந்ததும் செல்போனை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, குழந்தையின் பார்வை சாலையில் முன்னோக்கி இருக்கும்படி செய்வது எந்த மாத்திரையையும்விட மேலானது. மாத்திரை வேண்டுமென்றாலும் வைத்தியரைக் கேட்டே கொடுக்க வேண்டும். விடியற்காலையில் வயிறு நிறையப் பால் கொடுத்து, அடிவாரத்துக் கடையில் எண்ணெய் வழியும் வடையும் வாங்கிக் கொடுத்து வண்டியேற்றும் பழக்கத்தை நம்மவர்கள் விட வேண்டும். இரண்டு இட்லி, சர்க்கரை அதிகமில்லாமல், அவ்வளவு போதும். ஏறும்போது காது அடைத்து அழுகிற கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால், விழுங்கும்போது அடைப்புத் தானே விலகிவிடும். ஓரங்களில் காப்பிச் செடிகள் தென்பட ஆரம்பித்ததும், 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது என்று பெரிய குழந்தைகளுக்குச் சொல்லலாம். வெளியே பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி உஷ்ணம் குறைகிறது என்பது பொதுக்கணக்கு. சேலத்து வெயிலில் கிளம்பியவர்கள் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றையும் மாற்றுத்துணி இரண்டு ஜோடியையும் மறக்காதிருந்தால் போதும்.

இனி ஏரிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய சம்பவம் இரண்டு வருஷங்களுக்கு முன் நடந்தது. எந்த ஏரியில் என்பது இங்கே அவசியமில்லை. மகள், மருமகன், ஐந்து வயதுப் பேத்தி ஆகியோருடன் நான் படகுத்துறையில் நின்றேன். வரிசை நீண்டிருந்தது, அவசரம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. பேத்திக்கு மாட்டுவதற்கென்று எடுத்துக் கொடுக்கப்பட்ட லைஃப் ஜாக்கெட்டோ பெரியவர்களுடையது. அதன் தோள்பட்டையைப் பிடித்து நான் மெல்லத் தூக்கிப் பார்த்தபோது ஜாக்கெட் மாத்திரம் குழந்தையின் காதைத் தாண்டி மேலே வந்தது. குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவியது. தரையிலே இப்படி நழுவுகிறவள் தண்ணீரிலே என்ன ஆவாள்? "சும்மா மாட்டி உடுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் கெட்ட மனிதரல்ல. நாள் முழுவதும் அதே வார்த்தையைச் சொல்லி, நாள் முழுவதும் ஒன்றும் ஆகாமலிருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டவர். சின்ன அளவு இல்லையென்று தெரிந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்கள் கரையிலேயே உட்கார்ந்தோம். பேத்தி கொஞ்ச நேரம் அழுதாள். பிற்பாடு நீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்புச்சி, இந்தத் தண்ணிக்கு அடி எங்கே இருக்குது?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிறந்ததிலிருந்து குழாயிலும் பிளாஸ்டிக் கேனிலும் குளியலறை வாளியிலும் மட்டுமே தண்ணீரைப் பார்த்திருக்கிற குழந்தைக்கு, அடி தெரியாத தண்ணீர் என்ற ஒன்று உலகத்தில் உண்டென்பதே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அவளுடைய வயதில் எனக்கு அது தெரியும். ராசிபுரத்துக்கு மேற்கே எங்கள் காட்டில் இருந்த கிணறு சதுரக் கிணறு. ஒரு பக்கம் கல்படி, எதிர்ப்பக்கம் கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள். பள்ளிக்கூடம் விட்ட மறுவாரம் தாய்மாமன் என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கயிற்றால் கட்டி, மூன்றாவது படியிலிருந்து தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். குடுக்கை மேலே தூக்கும், பயம் கீழே இழுக்கும். இரண்டுக்கும் நடுவே கையையும் காலையும் அடித்து அடித்து, பத்தாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டதே தெரியாமல் எதிர்ப்பக்கத் தூணைத் தொட்டேன். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் பெரும்பாலோருக்கும், பெண் குழந்தைகள் பலருக்கும்கூட, கிணறே நீச்சல் பள்ளிக்கூடம். மாமனோ சித்தப்பனோ உபாத்தியாயர். தண்ணீரை நேசிப்பதும் தண்ணீருக்கு அஞ்சுவதும் ஒரே பாடமாக அங்கே கற்பிக்கப்பட்டன.

அந்தக் கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. சமவெளி முழுவதும் இதே கதைதான். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டிப் போய்விட்ட பிற்பாடு, திறந்த கிணறுகள் சீமைக்கருவேலம் முளைத்த பள்ளங்களாகவும் குப்பை கொட்டும் குழிகளாகவும் நிற்கின்றன. சேலம் நகரத்துக்கே ஒரு காலத்தில் குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரி வருஷக்கணக்காகக் காய்ந்து முட்காடாகக் கிடந்ததை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மாரிக்காலத்தில் ஏரி நிறைந்து கோடி விழும் சத்தத்தைக் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிய குழந்தைகள் இன்றைக்குத் தாத்தா பாட்டிகளாகிவிட்டார்கள். நீரில்லாத பூமியில் வளர்ந்த குழந்தையை வருஷத்துக்கு ஒரு தடவை மலைமேல் கொண்டுபோய், அடிகாணாத நீரின் விளிம்பில் நிறுத்தி, ஓடியாடி விளையாடு என்று விட்டுவிடுகிறோம். ஆடிப்பெருக்கன்று மோகனூரிலும் பரமத்திவேலூரிலும் காவிரிப் படித்துறைகளில் நடப்பதும் இதுவே.

நீரில் மூழ்கிச் செத்தவர்கள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லக்ஷம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மூழ்குகிற குழந்தை கூச்சலிடும், கைகளை வீசும், நமக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோமே, அது சினிமாவில் நடப்பது. மூச்சுக்கே வாய் போதாதபோது கூச்சலுக்கு வாய் எது? தலை பின்னால் சாய, வாய் நீர்மட்டத்தில் இறங்கி ஏற, சத்தமில்லாமல், சோற்றுப்பொட்டலம் பிரிக்கிற நேரத்திற்குள் அது முடிந்துவிடுகிறது. பத்துப் பேர் கூடியிருக்கிற குடும்பத்தில் இந்த ஆபத்து குறைவதில்லை, அதிகமாகிறது. சித்தி பார்த்துக்கொள்வாள் என்று அத்தையும் அத்தை பார்த்துக்கொள்வாள் என்று சித்தியும் இருந்துவிடுகிறார்கள்.

ஆகையால், புறப்படுவதற்கு முந்தின ராத்திரி சோற்றுக்கு ஆள் நியமிக்கிறதைப்போல, நீருக்கும் ஆள் நியமிக்க வேண்டும். ஏரிக்கரையில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு சின்னக் குழந்தைக்கு ஒரு பெரியவர். அவர் கையை நீட்டினால் குழந்தையைத் தொடக்கூடிய தூரம். அவர் கையில் செல்போன் இல்லை. அரைமணிக்கொரு தடவை அடுத்தவரிடம், "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்துவிட்டே அவர் நகர வேண்டும். படகு வேண்டுமானால் குழந்தையின் எடைக்கேற்ற ஜாக்கெட், கால்களுக்கிடையே வரும் வாரோடு, கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிற்பாடே சீட்டு வாங்க வேண்டும். தோளைத் தூக்கிப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு நொடிகூட ஆகாது. மிதி படகில் நான்கு பேர் அமரும் இடத்தில் மடியிலொன்று இடுப்பிலொன்று என்று ஆறு பேராக அமர்வதை வீட்டுப் பெரியவர்களே தடுக்க வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதை குழந்தையைக் கோழையாக்கிவிடும் என்று என் மருமகன் சொல்லுகிறார். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் ஜாக்கிரதையை விடுவதால் தைரியம் வந்துவிடாது. நீரை அறிந்தாலே வரும்.

திரும்புகிற நேரத்தையும் காலையிலேயே நிச்சயித்துவிட வேண்டும். பிற்பகல் மூன்றரைக்கு ஏரியை விட்டுவிட்டால் வெளிச்சத்திலேயே மலை இறங்கிவிடலாம். இன்னும் ஒரு இடம், இன்னும் ஒரு இடம் என்று இருட்டின பிற்பாடு பனிமூட்டத்தில் வளைவுகளில் இறங்குவது, தூங்கி விழும் குழந்தைகளோடு செய்யத் தகுந்த காரியமன்று. மிஞ்சின சோற்றைக் குரங்குகளுக்குப் போடுவது கருணையென்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வண்டியில் வருகிற குழந்தையின் கையிலிருந்து அவை பிடுங்கக் கற்றுக்கொள்வது அப்படித்தான். ஏற்காட்டிலிருந்து கன்னங்குறிச்சிப் பக்கம் இறங்கி வரும்போது மூக்கனேரியில் தண்ணீர் இருந்தால் வண்டியை ஐந்து நிமிஷம் நிறுத்தி, மலைச்சரிவில் பெய்த மழை இங்கே வந்துதான் தேங்குகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

பேத்திக்கு இப்போது ஏழு வயது. மறுபடியும் ஏரிக்குப் போக வேண்டும் என்று தை மாதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். போகலாம், ஆனால் வைகாசியில் என்று சொல்லியிருக்கிறேன். உறவுக்காரர் ஒருவருடைய தோட்டத்துக் கிணற்றில் இந்த வருஷம் பதினைந்தடித் தண்ணீர் நிற்கிறது. படிகளும் கெட்டியாக இருக்கின்றன. சித்திரையில் பதினைந்து நாள் வந்து இறங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். அளவான ஜாக்கெட் ஒன்றை மகள் சேலத்தில் வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கோ மனம் கேட்கவில்லை. ஊருக்குப் போனபோது பங்காளி வீட்டுத் தாழ்வாரத்தில், விதைக்கென்று சாம்பல் தடவிக் கட்டித் தொங்கவிட்டிருந்த சுரைக்காய்களில் நன்றாகக் காய்ந்த இரண்டைத் தட்டிப் பார்த்து, ஓட்டை விரிசல் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். கயிறுதான் இன்னும் திரிக்க வேண்டும்.