எவர் கை ஓய்ந்தால் ஊர் ஓயும்?

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் திகதி இலங்கை அரசாங்கம் வெளியிட்ட ஓர் அறிவித்தலின்படி, அன்று நள்ளிரவிலிருந்து ஜூலை 10ஆம் திகதி வரையில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் பெற்றோலோ டீசலோ விற்கலாகாது என்று விதிக்கப்பட்டது. வைத்தியம், துறைமுகம், விவசாயம், உணவு விநியோகம் முதலிய சிலவே அந்தச் சலுகைக்கு உரியவையாயின. மற்றவர்கள் இயன்றவரை வீட்டிலிருந்தபடியே தத்தம் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஒரு தேசத்துக்கு எந்தத் தொழில் இன்றியமையாதது, எது இல்லாமலும் சில காலம் தள்ளலாம் என்ற கேள்வியைத் திண்ணையில் அமர்ந்து தத்துவ விசாரமாகப் பேசுதல் எளிது. கையிருப்பில் மிஞ்சிய சில ஆயிரம் தொன் எரிபொருளைப் பங்கிட்டே தீரவேண்டிய நிர்ப்பந்தத்தில், ஒரு சர்க்கார் அதற்கு எழுத்தில் விடை எழுத நேர்ந்ததுதான் அந்த நாளின் விசேஷம்.

அந்த விடை தவறானதென்று நான் சொல்லமாட்டேன். நோய் தீர்ப்பவனுக்கும் நெல் விளைவிப்பவனுக்கும் முதலிடம் கொடுத்ததைக் குறைகூற எவரால் இயலும்? ஆயினும், அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், இடம்பெறாத பல பெயர்கள் நின்றன என்பதையும், அவற்றை ஒவ்வொன்றாக நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது அவ்வாண்டின் தட்டுப்பாடே என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

மார்ச் மாத ஆரம்பம் வரையில் ஒரு டொலருக்கு 200 ரூபா என்ற அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த நாணயம், பிடி தளர்ந்ததும் சரிந்து, மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் பகிரங்கமாக அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபோது, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது.

இத்தகைய காலத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே, சமையல் எரிவாயு ஏற்றிவந்த கப்பல்கள், சரக்குக்குரிய டொலர் கட்டப்படாமையால், இறக்குவாரின்றி நாட்கணக்கில் நங்கூரமிட்டு நின்றன. கப்பல் நின்றதால் சிலிண்டர் வரவில்லை. சிலிண்டர் வராமையால் பல வெதுப்பகங்கள் அடுப்பை அணைத்தன. பாண் கிடையாமையால், விடியுமுன் கூலிவேலைக்குப் புறப்படும் ஏழை வெறுந்தேநீரைக் குடித்துவிட்டு நடந்தான். இந்தச் சங்கிலியில் அத்தியாவசியமானவர் யார்? பாண் சுடுபவரா, சிலிண்டரைத் தோளில் சுமப்பவரா, கப்பலிலிருந்து வாயுவை இறக்குபவரா? இவர்களுக்கெல்லாம் முன்னே, இறக்குமதிப் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் நாணயக் கடிதத்தைத் திறந்து கொடுக்கும் வங்கி உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். மேசையிலிருந்து காகிதம் எழுதுபவர்களை உபயோகமற்றவர்கள் என்று கருதுவது நம்மிடையே உள்ள வழக்கந்தான். ஆனால் அந்தக் காகிதம் எழுதப்படாத வாரங்களில் ஊரெங்கும் அடுப்பு எரியவில்லை.

வைத்தியத் துறையின் நிலையும் இதுவே. மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டினால், முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டிருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார்; தாதியர் இருந்தனர்; நோயாளியும் கட்டிலில் இருந்தார்; மருந்து மட்டும் இல்லை. அதே மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் காகிதம் இன்மையால் தள்ளிவைக்கப்பட்டன. அடுத்தவன் கை ஓய்ந்தால், எத்தனை உன்னதமான தொழிலும் தானே ஓய்ந்துவிடுகிறது.

சரி, அந்த நாணயக் கடிதத்துக்கு வேண்டிய டொலரை ஈட்டித் தருபவர் யார் என்று சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி பின்னோக்கித் தொடர்ந்து போனால், நாம் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் பெண்களிடத்திலேயாகும்: ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவள், அரபு நாடுகளில் பிறர் வீட்டுப் பணிசெய்பவள், மலையகத்தில் கொழுந்து பறிப்பவள். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 710 கோடி டொலராக இருந்து, 2022ஆம் ஆண்டில் 380 கோடி அளவுக்கு வீழ்ந்தது. வங்கியில் ஒரு விலையும் வெளியே அதனினும் உயர்ந்த விலையும் நிலவியமையால், பலர் வங்கியைத் தவிர்த்துத் தனியார் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் முறையை நாடியது அதற்கு ஒரு முக்கிய காரணம். தன் பிள்ளைகளுக்காகச் சம்பாதித்த ஒருத்தி, கூடுதலான ரூபா கிடைக்கும் வழியில் அதனை அனுப்பியதை நான் குற்றமாகக் காணவில்லை. அவளுடைய டொலரை நம்பித்தான் தேசம் பெற்றோல் வாங்கிக்கொண்டிருந்தது என்ற உண்மை அப்போதுதான் பலருக்குப் பிரத்தியட்சமாயிற்று.

கொழுந்து பறிப்பவளின் கணக்கு இன்னும் கொடியது. தேயிலை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டொலரை நாட்டுக்குக் கொணர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய நாட்சம்பளமோ, நீண்ட போராட்டத்தின் பின், 2021ஆம் ஆண்டு மார்ச்சில் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதுவும் பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று விதித்த நிறையைப் பறித்துக் கொடுத்தால்தான். நிர்ணயித்த நாளில் 5 டொலர் பெறுமதியாயிருந்த அந்தச் சம்பளம், 2022 மே மாதத்துக்குள் 3 டொலருக்கும் கீழே சென்றது. அவள் பறித்த இலையோ அப்போதும் டொலருக்கே விலைபோயிற்று. கோதுமை மா ரொட்டியையே பிரதான ஆகாரமாகக் கொண்ட தோட்டத்து லயன் வீடுகளில் மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, தேசத்தின் கப்பலை விடுவிக்கும் பணத்தை ஈட்டித் தந்தவள் தன் பிள்ளைக்கு இரண்டாவது ரொட்டியைத் தட்டமுடியாமல் நின்றாள். இதை எழுதும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

இத்தீவின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1970க்கும் 1977க்கும் இடையில், அந்நியச் செலாவணி நெருக்கடியினால் உணவு இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர்கள் செம்மண் தோட்டங்களில் விளைவித்த வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. கல்வீடு கட்டியவர்களும் இயந்திரம் வாங்கியவர்களும் பலர். அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இருவர் தொழிலும் அத்தியாவசியமே. மிளகாயைவிடத் தேயிலை தேசத்துக்கு அதிகம் தேவைப்பட்டதென்றுகூடச் சொல்லலாம். ஆனால் கமக்காரருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது, தம் விளைச்சலைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ குடியிருந்த அறைகூடச் சொந்தமில்லை, கூலியை நிர்ணயிப்பவர் வேறொருவர். தொழில் இன்றியமையாதது என்பதனாலேயே தொழிலாளிக்கு மதிப்பு வந்துவிடும் என்று நம்புவோர் இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

கமத்தொழிலைப் பற்றி மேலும் சிறிது சொல்லவேண்டியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டதாயினும், பெரும்போகத்துக்குரிய காலம் அதற்குள் கைநழுவிப் போயிருந்தது. பயிர் தூர் கட்டும்போது ஒரு முறையும் கதிர் புறப்படுமுன் ஒரு முறையுமாக, நாள் பார்த்து இடவேண்டிய பசளை, பின்னர் எத்தனை மூடை வந்து இறங்கினாலும் பிரயோஜனப்படாது. விளைச்சல் பெருமளவு சரிந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு, டொலர் இல்லாத வேளையில், இலட்சக்கணக்கான தொன் அரிசியைப் பிற தேசங்களிலிருந்து தருவிக்க நேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் அத்தியாவசிய மருந்துகளும் அனுப்பத் தீர்மானிக்கப்பட்டு, அதன் முதற் கப்பல் 2022 மே மாதம் 18ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்டது இந்தச் சூழ்நிலையில்தான்.

அடுத்த மாதமே, அரசாங்க ஊழியர்களுக்கு மூன்று மாத காலம் வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை அளிக்க மந்திரிசபை சம்மதித்தது. எரிபொருளை மிச்சப்படுத்துவது ஒரு நோக்கம். அவரவர் வீட்டுத் தோட்டத்தில் பயிர் செய்யட்டும் என்பது மற்றொரு நோக்கம். வளவில் நாலு மரவள்ளித் தடி ஊன்றுவது நல்ல காரியமே. பட்டினியைச் சிறிது தள்ளிப்போடவும் செய்யும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தையன்று கமம். எந்த வயலுக்கு எந்த நெல், வாய்க்காலில் யாருடைய முறை எப்போது, இலை மஞ்சளிப்பது நீர் மிகுதியாலா சத்துக் குறைவாலா என்பதெல்லாம், தந்தையின் பின்னால் வரம்பில் நடந்து பல போகங்கள் கண்டவனுக்கே வசப்படும் அறிவு. அந்த அறிவுடையோரை ஒரு வார்த்தை கேளாமல் முடிவெடுத்ததன் பலனைத்தான், அவ்வாண்டில் நகரத்து வரிசைகளில் நின்றவர்கள் அனுபவித்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எந்தப் பட்டியலிலும் என்றைக்கும் ஏறாத ஒரு தொழில் உண்டு. அது பழுது பார்ப்பவனின் தொழில். 1990 தொடக்கம் பல ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்கீழ், பெற்றோலும் மின்கலமும் பசளையும் வராமல் கிடந்தபோது, அங்கு வாழ்ந்தோர் அந்தத் தொழிலின் மகத்துவத்தை நன்கு அறிந்தார்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உசுப்பிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும்படி மோட்டார் சைக்கிள்களையும் பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களையும் மாற்றியமைத்தவர்கள் ஊர் மெக்கானிக்குகள். வெறும் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு உண்டாக்கிய விளக்கின் ஒளியில், ஒரு தலைமுறை மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டார்கள். புதிதாக ஒன்றும் வராத ஊரில், இருப்பதை இன்னும் ஒரு நாள் ஓடவைப்பவனே வைத்தியனையும் ஆசிரியனையும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். 2022இல் அக்குடாநாட்டு வீதிகளில் சைக்கிள்கள் மீண்டும் நிறைந்தபோது, மூலையில் போட்ட பழைய சைக்கிளை ரயர் மாற்றி ஓடவைக்கத் தெரிந்தவன் வாசலில் ஜனங்கள் காத்துநின்றது இயல்பே.

ஆனால் எரிபொருளே இல்லாதபோது பழுது பார்ப்பவனாலும் பயனில்லை. வடபகுதிக் கடற்றொழிலாளர் பலரின் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. முதலில் அது கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மீன் கடலில் இருந்தது. படகு கரையில் இருந்தது.

இவையெல்லாம் நின்ற அன்றே வலியைத் தெரிவிக்கும் தொழில்கள். நின்று பல ஆண்டுகள் சென்றபின் வலி தெரியும் தொழில்களும் உண்டு. நெருக்கடி வேளையில் அவற்றைத்தான் முதலில் கைவிடுகிறோம். ஜூன் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அன்று மாலை எவரும் பசியால் வாடவில்லை. அதே ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று அனுமதி வழங்கப்பட்டது. அவர்கள் அனுப்பும் டொலர் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது. அவ்வாண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடிக் கடல் கடந்தார்கள். வைத்தியர்களும் தாதியரும் பொறியியலாளரும் அந்நிய நாடுகளுக்குப் புறப்பட்டுக்கொண்டேயிருந்தார்கள். எரிபொருள் வரிசைகள் மறைந்து, கடைகளில் பொருள்கள் மீண்டும் நிறைந்த அடுத்த ஆண்டிலும் அந்தப் பிரயாணம் ஓயவில்லை. ஒரு குழந்தை வைத்திய நிபுணரை உருவாக்க, பாடசாலைக் காலத்தையும் சேர்த்தால், முப்பது ஆண்டுகள் செல்கின்றன. வெளிமாவட்ட வைத்தியசாலை ஒன்றிலிருந்து அவர் போனபின், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், அடுத்த பெரிய பட்டணத்துக்குப் பஸ் ஏறவேண்டியவளாகிறாள்.