ஆழம் தேடிப் போன சரக்கு

நீர் வற்றும் நேரத்தில் கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றில் நின்று பாருங்கள். கடல் பின்வாங்கி, சேறு பரந்து கிடக்கும். ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மண் அது. சிலாங்கூர் சுல்தான்களின் பழைய தலைநகரம்தான்; ஆனால் பெரிய கப்பல் இங்கே அணைய முடியாது. இதே வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில் 1917இல் உருவான தென்னமரம் தோட்டம், நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். இந்த வட்டாரத்துத் தோட்டங்களின் எண்ணெய் கப்பலேற வேண்டுமானால், தெற்கே கிள்ளானுக்குத்தான் போக வேண்டும்.

கிள்ளானுக்கு வாய்த்தவை தீவுகள். கிள்ளான் தீவும் இண்டா தீவும் முன்னே நின்று அலையைத் தடுக்க, நடுவே ஆழமான நீர்வழி ஓடுகிறது. ஆழம் குறைகிற இடத்தைத் தூர்வாரிக்கொள்கிறார்கள். சரக்கேற்றிய மிகப்பெரிய கொள்கலக் கப்பலின் அடிவயிறு 16 மீட்டருக்கும் மேல் நீருக்குள் இறங்கும். ஐந்து மாடி வீட்டையே மூழ்கடிக்கும் ஆழம் அதற்கு வேண்டும்.

கிள்ளான் துறைமுகம் 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்தபோது, இரண்டே மாதத்தில் மலேரியா அதை முடக்கியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வெட்டி வடியவைக்கச் சொன்னார், நோய் தணிந்தது. அந்த வேலை நடந்திராவிட்டால் இன்று பேச ஒன்றுமில்லை. பிறகு, நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த நம்மவர்கள் பலர் கால் வைத்ததும் இந்தக் கரையில்தான். 1972இல் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. அடுத்த ஆண்டே கொள்கல முனையம் வந்தது. 90களில் இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் எழுந்தது. 2024இல் மொத்தத் துறைமுகமும் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பாதிக்கு மேல் ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகிறவை.

அதே இண்டா தீவில் 1,000 ஏக்கரில், 2006இல் தடையற்ற வாணிப மண்டலம் செயல்படத் தொடங்கியது. செலவு எகிறி, அரசியல் சர்ச்சையாகவும் வெடித்தது. மண்டலத்தின் சூட்சுமம் வேலியில் இருக்கிறது. வேலிக்குள் உள்ள நிலம் மலேசியாதான். ஆனால் சுங்கக் கணக்கில் அது வெளிநாடு. சீனாவிலிருந்து வந்த உதிரிபாகத்தை அங்கே இறக்கி, பொருத்தி, பெட்டியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்பலாம்; மலேசியா அதற்கு இறக்குமதி வரி கேட்காது. அதே பொருள் காப்பார் கடைக்கு வர லோரியேறி வாசலைத் தாண்டும்போதுதான், சுங்க அதிகாரி தாளைக் கேட்பார்.