உயரமும் நுழைவும்: எல்.ஐ.சி. கட்டடத்தை மதுரையிலிருந்து வாசித்தல்

மெட்ராஸ் போய்த் திரும்பியவனிடம் எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, 'எல்.ஐ.சி.யப் பாத்தியா?' என்பதுதான். 'உள்ள போனியா?' என்று ஒருவரும் கேட்டதில்லை. தமிழ் சினிமாவுக்கும் கிராமத்தான் பட்டணம் வந்துவிட்டான் என்று சொல்ல, மவுண்ட் ரோட்டின் அந்தக் கட்டடத்தைக் கீழிருந்து மேலாகக் காட்டினால் போதும். உயரம் என்பது அண்ணாந்து பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட பிரதி. யார் எழுதினார்கள், யார் காசில் எழுதினார்கள் என்ற கேள்விகள் அந்தப் பார்வையில் மறைந்துபோகின்றன.

அதன் கதை தனியார் மூலதனத்தில் தொடங்குகிறது. யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் கம்பெனிக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1953இல் வேலையைத் தொடங்கினார். வரைபடம் லண்டன் கட்டடக் கலைஞர்களுடையது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி 245 நிறுவனங்கள் ஒரே கழகத்தில் கரைந்தன. எழும்பிக்கொண்டிருந்த கட்டடமும் கழகத்தின் கைக்கு வந்தது. லண்டன்காரர்கள் விலகிக்கொள்ள, எல்.எம். சித்தாலே முடித்துக்கொடுத்தார். 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தபோது 177 அடி. அன்றைய இந்தியாவின் மிக உயரமான அடுக்குமாடி அதுதான்.

இந்த அளவு மதுரைக்குப் புதிதல்ல. மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. வயதிலோ நானூறு வருஷம் மூத்தது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். அந்தப் புண்ணியம் யாருக்குத் தேவைப்பட்டது? உள்ளே விடப்படாதவர்களுக்கு. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் தலைமையில் தலித்துகளும் நாடாரும் கோயிலுக்குள் நுழையும்வரை, தூரத்திலிருந்து தெரியும் உயரம்தான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. நுழைவை மறுத்துவிட்டுக் காட்சியைக் கொடுப்பது அதிகாரத்தின் பழைய உத்தி.

கோயிலையும் ஆபீசையும் ஒண்ணாக்கலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். வித்தியாசம் உண்டு. எல்.ஐ.சி.யின் பணம் உசிலம்பட்டி வாத்தியாரும் மதுரை மில் தொழிலாளியும் மாசாமாசம் கட்டிய பிரீமியம். தனியார் முதலாளிகள் இந்தப் பணத்தைச் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிக்கொண்டது நாட்டுடைமைக்கு ஒரு காரணம். ஆனால் மறுவருஷமே, 1957இல், ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் கொட்டப்பட்டது. பெரோஸ் காந்தி பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மவுண்ட் ரோட்டில் மாடிகள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

2022 மே மாதம் கழகத்தின் 3.5 சதவீதப் பங்குகளை அரசு சந்தையில் விற்றது. இந்தச் சண்டையில் நான் பொதுத்துறையின் பக்கம். ஆனால் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி, 'பொதுத்துறை' என்ற சொல்லைப் பார்த்தும் போட்டுக்கொண்டிருந்தால் அது ஒருநாள் விலைபோகத்தான் செய்யும். பிரீமியம் கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமைதான் நுழைவு. அது கிடைக்காத வரைக்கும் நாமெல்லாம் வெளியே நின்று தரிசனம் பண்ணுகிறவர்கள்தான்.