சீட்டு குலுக்கிக் கண்டுபிடித்த உண்மை!

குட்டீஸ், மாம்பலம் ஸ்டேஷனில் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? சைதாப்பேட்டை, கிண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் தாண்டினால், தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’. அதென்ன சானடோரியம்? ஊர்ப் பெயர் மாதிரியே இல்லையே!

காசநோய் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குத்தான் அந்தப் பெயர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே அப்படி ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்டேஷனுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. (இவர் இங்கிலாந்தில் நடத்திய சானடோரியத்தில்தான் 1917-ல் நம் கணித மேதை ராமானுஜன் நோயாளியாகச் சேர்ந்தார். 1920-ல் ராமானுஜன் இறந்தது சென்னை சேத்துப்பட்டில். அவருக்கு வந்தது காசநோய்தானா என்று இன்று பலர் சந்தேகப்படுகிறார்கள். அது வேறு கதை.)

இந்தச் சேத்துப்பட்டும் அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. மாம்பலத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் மூன்றாவது ஸ்டேஷன். இங்கே உள்ள ஒரு ஆராய்ச்சி நிலையம் போட்ட கணக்கு, உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையையே மாற்றிவிட்டது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், சூத்திரம் எதுவும் கிடையாது. இரண்டு டப்பா கூட வேண்டாம், ஒரு டப்பாவும் பத்துப் புளியங்கொட்டையும் போதும்!

1950-களில் காசநோய்க்கு நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? மாத்திரை மட்டும் போதாது. நல்ல காற்று, பால், முட்டை, படுக்கையில் ஓய்வு, கவனித்துக்கொள்ள நர்ஸ் எல்லாம் வேண்டும். அதற்கு சானடோரியம்தான் சரி என்று நினைத்தார்கள். ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு மருத்துவமனைக் கட்டில்கள் கொஞ்சமும் போதவில்லை. கட்டில் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

‘மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடலாமே’ என்று ஒரு யோசனை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டு பயங்கள் குறுக்கே நின்றன. ஓய்வும் சத்தான சாப்பாடும் இல்லாத ஏழை நோயாளி, மாத்திரையால் மட்டும் பிழைப்பாரா? இன்னொன்று இதைவிடப் பெரிது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துத் தூங்கும் வீட்டில், நோயாளியோடு இருக்கும் குழந்தைகளுக்கும் நோய் தொற்றிவிடாதா?

இதற்குப் பதில் தேடுவதற்காகவே 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கை கோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

சரி, எப்படிச் சோதிப்பது? கொஞ்சம் பேரை வீட்டிலும் கொஞ்சம் பேரை சானடோரியத்திலும் வைத்து, யாருக்குக் குணமாகிறது என்று எண்ணினால் ஆயிற்று என்கிறீர்களா? அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது!

தி.நகரில் ஒரு டியூஷன் சென்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘எங்கள் மாணவர்கள் எல்லோரும் 90-க்கு மேல்!’ என்று போர்டு மாட்டியிருக்கிறது. உள்ளே போய் விசாரித்தால், நுழைவுத் தேர்வு வைத்து 90-க்கு மேல் வாங்குபவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார்களாம். இதில் சென்டரின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

மருத்துவர்களே தேர்ந்தெடுத்தாலும் இதே வம்புதான். பாவம், ரொம்ப முடியாதவர் என்று ஒருவரை சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். தெம்பாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசியில் வித்தியாசம் சிகிச்சையால் வந்ததா, ஆளால் வந்ததா என்றே தெரியாது.

அதனால் யார் எங்கே போவது என்பதைக் குலுக்கல் முறைக்கே விட்டுவிட்டார்கள். குலுக்கலுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. நோய் முற்றியவர், முற்றாதவர், பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாகப் பரவிவிடுவார்கள். நாம் யோசிக்கவே யோசிக்காத வித்தியாசங்களும் பரவிவிடும். பிரிட்டனில் 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து ஆய்வில் இந்த முறை பெயர் பெற்றது.

‘மனிதர்களைச் சீட்டுக் குலுக்குவது நியாயமா?’ என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? நல்ல கேள்வி. எது நல்லது என்று யாருக்குமே தெரியாதபோதுதான் இப்படிச் செய்யலாம். தெரிந்த பிறகு செய்தால் தப்பு.

சென்னையின் ஏழை, நெருக்கடியான பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். 96 பேருக்கு வீடு, 97 பேருக்கு சானடோரியம் என்று விழுந்தது. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்தான்: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒரு முறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள். உங்கள் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிற மாதிரிதான்!

1959-ல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிந்ததும் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100-க்கு 92. வீட்டில் 100-க்கு 86.

“அப்போ சானடோரியம்தான் ஜெயிச்சுது!” அவசரப்படாதீர்கள். இப்போது புளியங்கொட்டையை எடுங்கள்.

பத்துக் கொட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் வெள்ளை பெயிண்ட் பூசுங்கள். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுங்கள். வெள்ளையா என்று குறித்துக்கொண்டு திரும்ப டப்பாவிலேயே போடுங்கள். இப்படி 100 தடவை. பிறகு இன்னொரு 100 தடவை. வெள்ளைக் கொட்டை இரண்டிலும் சரியாகப் பத்துப் பத்துத் தடவை வருமா? பெரும்பாலும் வராது. முதல் நூறில் 8, அடுத்த நூறில் 14 என்று வரலாம். டப்பா அதேதான், கொட்டையும் அதேதான். ஆனாலும் ஆறு வித்தியாசம்! இப்படி ஆறோ அதற்கு மேலோ வித்தியாசம் வருவது ஏறக்குறைய ஐந்து முறைக்கு ஒரு முறை நடக்கும்.

இப்போது 92, 86-க்கு வாருங்கள். குணமாகாதவர்கள் 8, 14. அதே ஆறு! அதுவும் ஒவ்வொரு குழுவிலும் நூறு பேர் கூட இல்லை. ஆகவே இந்த வித்தியாசம் வெறும் தற்செயலாகவே வந்திருக்கலாம். ‘நாம் பார்க்கும் வித்தியாசம் நிஜமா, குலுக்கலின் விளையாட்டா?’ என்று கேட்பதுதான் புள்ளியியலின் முக்கியமான வேலை. சானடோரியம் துளிக்கூட உசத்தி இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடாது; பெரிய உசத்தி இருப்பதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அப்போதும் இரு தரப்பும் ஏறத்தாழ சமமாகவே இருந்தன.

எனக்கு இந்த 86 என்ற எண்ணைத்தான் ரொம்பப் பிடிக்கும். கட்டில் கிடைக்கவில்லை என்று கைவிடப்பட்டிருக்கக் கூடியவர்களில், நூற்றுக்கு 86 பேர் தங்கள் வீட்டிலேயே, தங்களுக்குக் கிடைத்த சாப்பாட்டிலேயே தேறிவிட்டார்கள்!

வீட்டுக் குழந்தைகள் என்ன ஆனார்கள்? இரு தரப்பின் குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் நோயாளியை வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. காரணம் இதுதான்: தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு நோயாளி பிறருக்குப் பரப்புவது வேகமாகக் குறைந்துவிடும்.

1962-ல் இந்தியா தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே நம்பியது. வெளிநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்தச் சேத்துப்பட்டு மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதே குலுக்கல் பள்ளிக்கூட விஷயங்களுக்கும் வந்துவிட்டது. அங்கன்வாடியில் ஒரே ஊழியர்தான் சாப்பாடும் போட்டு, எடையும் பார்த்து, பாடமும் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. கூட ஒருவரை அரை நாள் வேலைக்கு வைத்தால் பலன் இருக்குமா? 2016-ல் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, பாதியை மட்டும் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, கூடுதல் ஆள் போட்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தால், அங்கே பாடம் நடத்தும் நேரம் இரு மடங்காகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். சத்துக் குறைபாடும் குறைந்திருந்தது. இந்த வித்தியாசம் புளியங்கொட்டை விளையாட்டு இல்லை. அவ்வளவு அங்கன்வாடிகளில் தற்செயலாக அப்படி வருவது மிக மிக அரிது.

உங்கள் வகுப்பிலும் ஒன்று செய்து பார்க்கலாமே! சத்தம் போட்டுப் படித்தால் மனதில் நிற்குமா, மனதுக்குள் படித்தாலா? எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். இருபது புதுச் சொற்கள், பத்து நிமிடம், பிறகு ஒரு டெஸ்ட். ஒரே ஒரு நிபந்தனை: யார் எந்தக் குழு என்பதை கிளாஸ் லீடர் முடிவு செய்யக் கூடாது!