காப்புரிமைச் சட்டமும் ஆய்வு மாணவரும்

எங்கள் துறையில் எனக்கு முன்பு பயின்ற மாணவர் ஒருவர், தோல் பதனிடும் ஆலையின் கழிவு தேங்கிய மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது சுரக்கும் நொதியைக் கொண்டு, சுண்ணாம்பும் சல்பைடும் மிகுதியாகச் சேர்க்காமல் தோலிலிருந்து முடியை நீக்கும் செய்முறை ஒன்றை ஈராண்டு உழைத்து உருவாக்கினார். அறிஞர் கழகம் ஒன்றின் மாநாட்டில் அதனைக் கட்டுரையாகப் படித்தார். கழகத்தின் மலரிலும் அது அச்சேறியது. பதினான்கு திங்கள் கழித்து, காப்புரிமை பெறலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியபோது, காலம் கடந்துவிட்டது என்ற விடையே கிடைத்தது. பாராட்டுக் கடிதங்கள் மட்டும் அவரிடம் எஞ்சின.

இந்நிகழ்ச்சிதான் காப்புரிமைச் சட்டத்தை நான் படிக்கத் தொடங்கக் காரணம். உயிரித் தொழில்நுட்ப மாணவர்களுக்கு நொதிகளைப் பற்றிக் கற்பிக்கப்படும் அளவிற்கு, அந்நொதியைப் பயன்படுத்தும் முறை யாருக்கு உரியது என்பது கற்பிக்கப்படுவதில்லை.

காப்புரிமை என்பது அரசுக்கும் புதுப்புனைவாளருக்கும் இடையே ஏற்படும் ஓர் ஒப்பந்தம் எனலாம். புனைவாளர் தமது முறையை மறைக்காமல், அத்துறையில் தேர்ச்சி பெற்ற மற்றொருவர் அதனைச் செய்து பார்க்கும் அளவிற்கு விளக்கமாக எழுதித் தருகிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, பிறர் அதனைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு வழங்குகிறது. காலம் முடிந்ததும் அது பொதுச் சொத்தாகிவிடும். ஆகவே, ஏற்கெனவே உலகறிந்த ஒன்றைத் தெரிவிப்பதற்காக அரசு எதையும் ஈடாகத் தர வேண்டியதில்லை. புதுமை, புனைவுத் திறம், தொழிலில் பயன்படும் தகுதி ஆகிய மூன்றும் இருந்தால்தான் உரிமை கிட்டும். மேற்சொன்ன மாணவர் தம் முறையைத் தாமே உலகறியச் செய்துவிட்டார். அறிஞர் கழகத்தில் படித்த கட்டுரைக்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பன்னிரண்டு திங்கள் சலுகை தருகிறது. அதனையும் அவர் இரண்டு திங்களால் தவறவிட்டார்.

1970ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலைக்குப் பின்னரும் இந்தியாவில் 1911ஆம் ஆண்டின் சட்டமே நடைமுறையில் இருந்தது. அதனை ஆராய்ந்த நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இத்துறையில் இன்றும் படிக்கத்தக்க ஆவணமாகும். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வரை அயல்நாட்டவருக்கு உரியவை என்றும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்நாட்டில் உற்பத்திக்குப் பயன்படுத்தப்படவே இல்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். உரிமை இங்கே பதிவாகி, உற்பத்தி அங்கே நடந்து, பொருள் இறக்குமதியாகி வந்தது.

இவ்வறிக்கையின் அடிப்படையில் இயற்றப்பட்ட 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்பது அதன் உயிர்நாடி. மருந்தின் செய்முறைக்கும் காலவரை ஐந்தாண்டு அல்லது ஏழாண்டு என்ற அளவில் குறுகியதாக இருந்தது. ஒரே மருந்தை வேறொரு வழியில் செய்பவர் குற்றவாளி அல்லர். இவ்வழியில் வேதியியலாளர் தலைமுறை ஒன்றே பயிற்சி பெற்றது. 2001இல், மேலைநாடுகளில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் கூட்டு மருந்தை, இந்திய நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது இப்பயிற்சியின் பயனே. சிலர் இதனை நகலெடுக்கும் கலை என்று இகழ்வதுண்டு. மாற்று வழி காண்பதும் ஆராய்ச்சியே என்பதை ஆய்வுக்கூடத்தில் நின்றவர் அறிவர்.

உலக வணிக அமைப்பின் உடன்பாடு 1995 ஜனவரி 1 முதல் இந்நிலையை மாற்றியது. 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் சட்டம் திருத்தப்பட்டது. 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை உண்டு. ஆயினும் நாடாளுமன்றம் அத்துடன் சில தடைகளையும் வைத்தது. அவற்றுள் மிகவும் பேசப்பட்டது 3ஆம் பிரிவின் ‘ஈ’ உட்பிரிவு என நாம் எண்ணத்தக்க நான்காம் உட்பிரிவு. ஆங்கில எழுத்தின்படி ‘டி’.

பழைய பொருளின் புதிய வடிவம்

அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்தைக் கண்டறிந்தால் மட்டும் போதாது, அவ்வடிவம் பொருளின் பயனாற்றலைக் கூட்ட வேண்டும் என்கிறது இவ்விதி. இதன் வலிமையைச் சோதித்த வழக்கு, இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தைப் பற்றியது. அம்மருந்தின் பீட்டா படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006இல் அது மறுக்கப்பட்டது. விதியே அரசியலமைப்பிற்கு முரணானது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் ஏற்கவில்லை. இறுதியில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பளித்தது.

வாதத்தின் நுட்பம் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பீட்டா வடிவம் நன்கு வழிந்தோடும், வெப்பத்தில் நிலைத்திருக்கும், ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதை எவரும் மறுக்கவில்லை. இவை மாத்திரை செய்பவருக்கு நன்மை. ஆனால் மருந்தைப் பொறுத்தவரை பயனாற்றல் என்பது நோயைத் தீர்க்கும் ஆற்றலே என்றது நீதிமன்றம். உடலில் சேரும் அளவு 30 விழுக்காடு கூடுகிறது என்ற வாதத்திற்கும், அதனால் நோய் தீரும் திறன் கூடியதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. சான்று வைக்கப்படவில்லை. திங்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள மருந்தின் மாற்று, பத்தாயிரத்திற்கும் குறைவாகத் தொடர்ந்து கிடைத்தது.

இத்தீர்ப்பு புதுமைக்கு எதிரானது என்ற கருத்து மேலைநாடுகளில் எழுந்தது. நான் அவ்வாறு கருதவில்லை. படிக வடிவத்திற்கு உரிமையே கிடையாது என்று நீதிமன்றம் கூறவில்லை, சான்றைத்தான் கேட்டது. 2023 மார்ச்சில் காசநோய் மருந்தான பெடாகுவிலின் உப்பு வடிவத்திற்கான விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது, அதனை எதிர்த்தவர்களுள் அந்நோயிலிருந்து மீண்ட பெண்கள் இருவர் இருந்தனர். உரிமை வழங்குமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்ற 25ஆம் பிரிவு இவ்வாறு நோயாளிக்கும் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. உரிமை வழங்கிய பின்னரும் கட்டாய உரிமம் என்ற வழி உண்டு. 2012இல் சொராபெனிப் மருந்துக்கு அது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, திங்களுக்கு 2,80,428 ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாயாகக் குறைந்தது.

உயிருள்ளவை உரிமைப் பொருளாகுமா?

1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எண்ணெயைச் சிதைக்கும் வகையில் மாற்றியமைக்கப்பட்ட பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. அதனை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. இந்தியாவில் இக்கேள்வி கோழிப்பண்ணை வழியே வந்தது. கோழிகளைத் தாக்கும் ஒரு நோய்க்கு உயிருள்ள தடுப்பு மருந்து செய்யும் முறைக்கு டிம்மினாக்கோ என்ற நிறுவனம் விண்ணப்பித்தது. முடிவில் கிடைப்பது உயிருள்ளதாயின் அது உற்பத்தி ஆகாது என்று அலுவலகம் மறுத்தது. விற்கத்தக்க பொருள் உருவாகுமாயின், அதில் உயிர் இருப்பதால் மட்டும் சட்டம் தடுக்கவில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2002 ஜனவரியில் கூறியது. அவ்வாண்டின் திருத்தம், தாவரம், விலங்கு, விதை, வகை ஆகியவற்றை விலக்கி, நுண்ணுயிரை மட்டும் அவ்விலக்கிலிருந்து விடுவித்தது. இயற்கையில் உள்ள நுண்ணுயிரைக் கண்டறிவது புனைவாகாது. மனிதர் மாற்றியமைத்ததற்கே இடமுண்டு. எங்கள் மாணவர் தாம் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு உரிமை கோரியிருக்க முடியாது. நொதியைப் பயன்படுத்தும் முறைக்குக் கோரியிருக்கலாம்.

புதிய நுண்ணுயிரைச் சொற்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆகவே அதன் மாதிரியை ஏற்பு பெற்ற வைப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்தியா 2001இல் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் சேர்ந்தபின், சண்டிகரிலும் பின்னர் புனேயிலும் இத்தகைய வைப்பகங்கள் அமைந்தன. உயிர்ப்பொருள் எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதையும் விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ், சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தையும் நாட வேண்டியிருக்கும். ஆலைக் கழிவு மண்ணை ஒரு பையில் அள்ளி வருவதற்கு இத்தனை முறைகளா என்று நண்பர்கள் நகைக்கின்றனர். மஞ்சளின் கதையை நினைத்தால் நகைப்பு அடங்கும்.

மஞ்சளைப் புண்ணில் இடும் முறைக்கு 1995இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. நம் வீடுகளில் வழிவழியாக வந்த அறிவு அது. ஆனால் அக்காலத்து அமெரிக்கச் சட்டம் அயல்நாட்டு வழக்கத்தை ஏற்கவில்லை, அச்சிட்ட சான்றையே ஏற்றது. அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம், 1953இல் வெளிவந்த மருத்துவ ஏட்டுக் கட்டுரை உள்ளிட்ட ஆவணங்களைத் திரட்டி வழக்காடி, 1997இல் அவ்வுரிமையை நீக்கச் செய்தது. இதன் விளைவாகவே ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களின் குறிப்புகளை அயல்மொழிகளில் பெயர்த்துத் தரும் மரபறிவு மின்நூலகம் தொடங்கப்பட்டது. நம் சட்டமோ, வாய்மொழியாக வழங்கும் மரபறிவையும் எதிர்ப்பதற்குரிய காரணமாக ஏற்கிறது.

மாணவர் செய்யக்கூடியது

கணிப்பொறித் துறையினருக்கு ஒரு சொல். நிரல் என்ற அளவில் காப்புரிமை இல்லை. அதனால் தொழில்நுட்ப விளைவு ஏற்படுமாயின் வாதிட இடமுண்டு.

பிறருக்கு எளிய வழி, கட்டுரையை அனுப்புமுன் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்வது. அந்நாளே முன்னுரிமை நாளாகும். பன்னிரண்டு திங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தந்தால் போதும். தனிநபர் மின்வழித் தாக்கலுக்குக் கட்டணம் 1,600 ரூபாய். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்கும் கட்டணத்தில் 80 விழுக்காடு குறைப்பு உண்டு. ஆனால் உரிமை மாணவருக்கா, வழிகாட்டிக்கா, பல்கலைக்கழகத்திற்கா என்பது நிறுவனத்தின் விதிகளைப் பொறுத்தது. ஆய்வில் சேரும் நாளிலேயே அவ்விதிகளைக் கேட்டுப் பெறுவது நலம். நான் கேட்டபோது, அத்தகைய விதி இருக்கிறதா என்பதையே தேடிப் பார்த்துச் சொல்வதாக அலுவலர் கூறினார்.

சென்ற திங்களில் சிறிய தோல் ஆலை ஒன்றிலிருந்து எங்கள் மூத்த மாணவருக்குக் கடிதம் வந்தது. மாநாட்டு மலரில் அவர் விளக்கிய முறையில், நொதிக் கரைசலின் வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தனர். அவர் அன்றே விடை எழுதி அனுப்பினார்.