கடிக்கத் தகுந்த மரம்

பிறந்த குழந்தைக்குப் பொம்மை வாங்கிப் போகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், விலை பார்ப்பார்கள், கொடுத்தால் எடுப்பாக இருக்குமா என்று பார்ப்பார்கள். குழந்தை பார்ப்பது ருசி. மூன்று நான்கு மாதத்தில் கை எதையாவது இறுக்கிப் பிடிக்கப் பழகியதும், பிடித்தது அடுத்த நொடி வாய்க்குப் போய்விடும். பல் முளைக்கும் பருவத்தில் ஈறு நமநமக்கத் தொடங்கினால் கிலுகிலுப்பை சத்தம் போடுவது இரண்டாம்பட்சம், கடிபடுவதுதான் அதன் முதல் வேலை.

அதனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையைப் பாதி உணவாகவே கணக்கில் எடுக்க வேண்டும். அது எச்சிலில் ஊறும், வீசி எறியப்படும், தரையில் உருண்டுவிட்டு மறுபடி வாய்க்கே திரும்பும். மரம் எது, பூச்சு எது, உடைந்தால் எந்தத் துண்டு கழன்று வரும்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாத பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட்டிலுக்கு வேண்டாம்.

இந்தக் கேள்விகளுக்கு நம் பக்கத்து ஊர் ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை வைத்திருக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கும் சென்னபட்டணம். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்களால் இந்த ஊருக்குக் கடைசல் பொம்மைத் தொழில் வந்தது என்பது அங்கு வழங்கும் வரலாறு. இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

அங்கே பரம்பரையாகக் கடைந்த மரத்தைக் கன்னடத்தில் ஆலெ மரம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் இதே மரம் வேறொரு வேலையால் பிரபலம். இலையைப் பறித்துத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறுமே, சித்த வைத்தியத்தில் தோல் நோய்க்குத் தடவச் சொல்வார்களே, அந்த வெட்பாலைதான். மரம் தந்த வெளுப்பில் இருக்கும். நார் நெருக்கமானது, கடையும்போது வழுவழுவென்று வரும், சிலாம்பு எழும்பாது. கனமும் குறைவு. கிலுகிலுப்பையைத் தன் முகத்திலேயே இடித்துக்கொள்ளும் நான்கு மாதக் குழந்தைக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய உபகாரம்.

பூச்சுதான் இன்னும் சுவாரசியம். சென்னபட்டணத்தில் தூரிகைக்கு வேலை இல்லை. புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதை உருக்கி, நிறம் சேர்த்துப் பிசைந்து குச்சியாக்கி வைத்துக்கொள்கிறார்கள். கடைசல் இயந்திரத்தில் பொம்மை சுழலும்போது அந்தக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தின் மேல் படிகிறது. பிறகு தாழை மடலை ஒரு துண்டு எடுத்து, சுழலும் பொம்மை மேல் வைத்துத் தேய்க்கிறார்கள். பூச்சு சீராகப் பரவிக் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. கரைப்பான் இல்லை, காயவைக்க வேண்டியதில்லை, நாற்றமும் இல்லை. சுத்திகரித்த அரக்கைத்தான் மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுகிறார்கள் என்பதால், குழந்தை நக்குவதைப் பற்றி அரக்கின் பங்குக்குக் கவலை கிடையாது.

அரக்கின் பங்குக்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம், அதில் சேரும் நிறம் வேறு கதை என்பதுதான். மஞ்சளும் அவுரியும் சேர்ந்த அரக்கு ஒன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரசாயன நிறமி சேர்ந்த அரக்கு இன்னொன்று. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆந்திரத்தில் வராக நதிக்கரையில் உள்ள ஏடிகொப்பாகா கிராமமும் இதே மரத்தில், இதே அரக்கில் பொம்மை செய்கிற ஊர். அங்கே ரசாயனச் சாயம் புகுந்து பழைய நிறங்கள் மறந்துபோயிருந்த நிலையில், விதை, வேர், பட்டை, இலையிலிருந்து சாயம் எடுக்கும் முறையைக் கைவினைஞர்களோடு உட்கார்ந்து மீட்டெடுத்தவர் சி.வி. ராஜு. 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஏடிகொப்பாகா பொம்மைகளில் காணும் சற்றே மங்கலான மஞ்சளும் செங்கல் சிவப்பும் அந்த முயற்சியின் பலன். கண்ணைப் பறிக்கும் நிறம் வேண்டும் என்பவர்களுக்கு அவை ஏமாற்றம் தரலாம். குழந்தைக்கு அந்த ஏமாற்றம் கிடையாது. பிறந்த புதிதில் அதற்கு 20, 30 செ.மீ. தூரத்தில் உள்ளதுதான் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், அதிலும் கறுப்பு வெள்ளை வேறுபாடுதான் முதலில் எடுபடும்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் ஈயம். மஞ்சள், சிவப்பு வண்ணங்களுக்கு ஈயச் சேர்மங்களை நிறமியாகக் கலப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். விழுங்கும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மரப் பொம்மை என்றாலே பத்திரம் என்ற நம்பிக்கையை 2007 உடைத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம், 'தாமஸ்' மர ரயில் பொம்மைகளில் சுமார் 15 லட்சம் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. மரத்தில் பழுதில்லை, சீனாவில் பூசிய வண்ணத்தில் ஈயம் இருந்தது. மறு ஆண்டே அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்தது. குழந்தைப் பொருள்களின் பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, வெளி ஆய்வகத்தில் சோதித்தே விற்க வேண்டும் என்றது. பெரிய நிறுவனங்களுக்கு அது ஒரு செலவுக் கணக்கு. வீட்டுக் கொல்லையில் மாதம் இருபது பொம்மை செய்யும் தச்சருக்கோ, சோதனைக் கட்டணமே பொம்மைகளின் விலையைத் தாண்டியது. அவர்கள் கூடிக் குரல் எழுப்பிய பிறகு 2011இல் சிறு உற்பத்தியாளர்களுக்குச் சில தளர்வுகள் கிடைத்தன. அதற்கு முன்பே, பூச்சு இல்லாத வெறும் மரத்துக்கு ஈயச் சோதனை அவசியமில்லை என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தவறு செய்தது ஒரு தொழிற்சாலை, சங்கடப்பட்டது ஆயிரம் பட்டறை.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. நியாயமான விலக்குதான்; இல்லாவிட்டால் சென்னபட்டணத்தில் பாதிப் பட்டறைகள் மூடியிருக்கும். வாங்குகிறவர் இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். முத்திரை இல்லாத கைவினைப் பொம்மை மட்டமானது என்று அர்த்தமில்லை, ஆனால் ஆய்வகம் செய்திருக்க வேண்டிய விசாரணையை வாங்குகிறவர்தான் செய்ய வேண்டும். என்ன நிறமி போடுகிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்லும் கடைக்காரரிடம் வாங்கலாம். 'எல்லாம் இயற்கைதாங்க' என்பதோடு பேச்சை முடிப்பவரிடம், பூச்சு இல்லாத பொம்மையை மட்டும் எடுப்பது புத்திசாலித்தனம்.

பேரனுக்கோ பேத்திக்கோ தன் கையாலேயே செய்ய நினைக்கும் தாத்தாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வேலை மரத்தில் தொடங்குகிறது. நன்றாகக் காய்ந்த, நார் நெருக்கமான, பிசின் கசியாத மரம் வேண்டும். ஒட்டுப் பலகை, மரத்தூள் பலகை இரண்டும் கூடாது. அவற்றின் பசையிலிருந்து பார்மால்டிஹைடு வெளியேறும். ரப்பர் மரம் பொம்மைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதைப் போரான் மருந்தில் ஊறவைப்பது வழக்கம் என்பதால் மரக்கடையில் விசாரிக்க வேண்டும். அரளிக் கட்டையைத் தொடவே வேண்டாம், முழுச் செடியும் விஷம். இப்போது பலரும் ஆசைப்படும் பழைய சரக்குப் பெட்டிப் பலகை இன்னொரு கண்ணி. அதில் 'எம்.பி.' என்ற எழுத்துகள் குத்தியிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்ட பலகை என்று பொருள். அந்த எழுத்து இல்லாவிட்டாலும், அதன் மேல் வழியில் என்னென்ன கொட்டியது என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்தது அளவு. பொம்மை ஆய்வகங்களில் ஒரு சிறு குழாய் வைத்திருப்பார்கள். குறுக்களவு 31.7 மி.மீ., அடிப்பாகம் சாய்வு. ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. சின்னக் குழந்தையின் தொண்டையை மனதில் வைத்து வகுத்த அளவு அது. பொம்மையோ, அதிலிருந்து கழன்ற துண்டோ அழுத்தாமல் அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கினால் மூன்று வயதுக்குட்பட்டவருக்கு ஆகாது. வீட்டில் செய்கிறவர் அட்டையில் 4 செ.மீ. வட்டம் வெட்டி, அதில் நுழையும் எதையும் தள்ளிவைத்தால் போதும்; சற்றே பெரிய அளவு என்பதால் தவறினாலும் நல்ல பக்கமே தவறும். கிலுகிலுப்பைக்குத் தனியாக இன்னொரு சோதனை உண்டு. கைப்பிடி முனை குண்டூசித் தலைபோல் சின்ன உருண்டையாக இருந்தால் குழந்தை கவிழும்போது தொண்டைக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். அதனால் 35க்கு 50 மி.மீ. நீள்வட்டத் துளைக்குள் 30 மி.மீ. ஆழம் முழுதும் எந்த முனையும் கடந்து போகக் கூடாது என்பது விதி. முனையை அகலமாக விட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கடைசல்காரர்களின் கைவண்ணத்தில் இதற்கென்றே பிறந்தது போன்ற ஒரு பொம்மை இருக்கிறது. ஒரே கட்டையில் தண்டையும் அதைச் சுற்றி இரண்டு மூன்று வளையங்களையும் கடைந்து, வளையங்களின் உட்புறத்தை உளியால் மெல்ல அறுத்து விடுவிப்பார்கள். வளையம் தண்டில் ஓடும், ஆனால் இரு முனையும் பருத்திருப்பதால் வெளியே வராது. ஆட்டினால் மரத்தில் மரம் மோதும் 'கடகட' ஒலி. பசை இல்லை, ஆணி இல்லை, உள்ளே கொட்டை மணி இல்லை. உடைந்து சிதற எதுவுமில்லை. வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் மட்டும் கவனம் தேவை. 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிஞ்சு விரல் நுழையாது, 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் நுழைந்தாலும் சிக்காது. இடைப்பட்ட அளவுதான் விரலைப் பிடிக்கும்.

உப்புத்தாள் தேய்ப்பதில் ஒரு தச்சு ரகசியம். 120, 180, 220 என்று நயத்தாளுக்கு ஏறி, கை கூசாத வழவழப்பு வந்தபின் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிட வேண்டும். அமுங்கிக் கிடந்த நார் எல்லாம் சிலிர்த்து எழும். மறுபடி 320இல் தேய்த்தால் அப்புறம் எச்சில் பட்டாலும் எழும்பாது. இந்தப் படியைச் செய்யாமல் விட்ட பொம்மை கடையில் வெண்ணெயாக இருந்து, வீட்டில் நாலாம் நாள் சொரசொரக்கும்.

மேல்பூச்சாகத் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. கெடுதல் இல்லை, ஆனால் அது காய்ந்து படலம் கட்டாத எண்ணெய். பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். காயும் வகை வேண்டுமென்றால் பச்சை ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் நல்ல ஜோடி. ஹார்டுவேர் கடையில் 'காய்ச்சியது' என்று விற்கும் ஆளி எண்ணெயைக் குழந்தைப் பொம்மைக்கு வாங்கக் கூடாது, சீக்கிரம் உலர அதில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைக் கலந்திருப்பார்கள். பச்சை எண்ணெய் முழுதாகக் காயச் சில வாரம் பிடிக்கும், பிரசவத் தேதியைப் பார்த்து முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஆளி எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்திய பிறகே எறிய வேண்டும். குழந்தைக்குப் பொம்மை செய்யப்போய்ப் பட்டறையைக் கொளுத்தியவர் என்று பெயரெடுக்க வேண்டாமே.

தமிழ்நாட்டுப் பழைய பொம்மைகளில் மரப்பாச்சி இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் தேறிவிடும். செம்மரத்தில் ஒரே கட்டையாகச் செதுக்கியது, வண்ணமே தேவைப்படாத மரம், நல்ல பருமன். செம்மரம் இன்று கட்டுப்பாட்டில் உள்ள மரம் என்பதால் கடையில் சிவப்பாகக் கிடைப்பதெல்லாம் செம்மரமாக இருக்காது, சாயம் ஏற்றியதா என்று ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்பது நல்லது. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்கள் இன்னொரு பெருமை. ஆனால் குட்டிக் குட்டி ஆட்டுக்கல்லும் அம்மியும் உலைமூடியும் மேலே சொன்ன குழாய்க்குள் அழகாக விழுந்துவிடும். சீர்வரிசையோடு வந்த செப்புப் பெட்டியை மூன்று வயது வரை பரண்மேல் வைத்திருப்பதே உத்தமம்.

வீட்டுக்கு வந்த பொம்மையை நீரில் ஊறவைக்கக் கூடாது, மரம் உப்பிப் பிளக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். வாரம் ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்து, வெடிப்போ சிலாம்போ தென்பட்டால் தேய்த்துச் சரிசெய்யலாம். அரக்கு செதில் செதிலாக உரிந்தால் ஓய்வு கொடுத்துவிட வேண்டும். இழுத்து விளையாடும் வண்டியின் கயிறு 22 செ.மீ.க்குள் இருக்கட்டும். தூளிக் கம்பிலும் தொட்டிலின் குறுக்கேயும் கட்டித் தொங்கவிடும் மரக்கிளிகளும் கிலுக்குகளும் பார்ப்பதற்கு மட்டுமே. குழந்தை கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பழகும் ஐந்தாம் மாதத்தோடு அவற்றை அவிழ்த்துவிட வேண்டும்.