முட்டைக்குள் சிவப்பு வேர்

நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகப் போகும் முட்டைகளில் கரு கூடியிருக்காது. ஆனால் வீட்டில் நாட்டுக்கோழியை அடை வைத்தால், ஏழெட்டு நாள் கழித்து அம்மாயி ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கூமுட்டை என்றால் வெறும் மஞ்சள் வெளிச்சம்தான். கரு கூடியிருந்தால் சிவப்பு வேர்கள் நாலாபக்கமும் ஓடியிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது! அந்த வேர்கள் ரத்தக் குழாய்கள். மஞ்சள் கருவின் சத்தையும், ஓட்டின் நுண்துளைகளில் நுழையும் ஆக்சிஜனையும் குஞ்சுக்குக் கொண்டு சேர்ப்பவை அவைதான்.

உங்கள் கண்ணுக்குள்ளும் இப்படி வேர்கள் உண்டு. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஏடுதான் விழித்திரை. கண்பாப்பா வழியாக ஒளி பாய்ச்சி டாக்டர் உற்றுப் பார்ப்பது அதைத்தான். உடம்பை அறுக்காமலே ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்க முடிகிற இடம் அது.

குழந்தை வயிற்றில் இருக்கும்போது, நாலாம் மாதவாக்கில் இந்தக் குழாய்கள் விழித்திரையின் நடுப்பக்கம் முளைத்து ஓரம் நோக்கிப் படர்கின்றன. ஓரத்தை எட்ட ஏறக்குறைய பிரசவ நாள் வரை ஆகும். ஏழாம் மாதமே பிறந்துவிட்டால்? மேட்டூர் வாய்க்காலில் தண்ணீர் விட்டும் கடைமடை வயல் காய்ந்து கிடப்பதுபோலத்தான். விழித்திரையின் ஓரம் குழாய் இல்லாமல் கிடக்கும்.

குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் பலவீனம். அதனால் ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். அது அளவு மீறினால், படர்ந்து கொண்டிருந்த குழாய்கள் அப்படியே நின்றுவிடும். சில வாரங்களில் கண் வளர வளர அந்த ஓரத்துக்குப் பசி எடுக்கும். "எனக்கு ரத்தம் வேண்டும்" என்று ஒரு வேதிப்பொருளைச் சுரந்து அது கூப்பிடும். குழாய்கள் வரும். ஆனால் அவசரத்தில் முளைத்தவை. சுவர் மெலிந்து கசியும். விழித்திரையோடு படராமல் கண்ணின் நடுவிலிருக்கும் கூழுக்குள் ஏறும். பிறகு தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுக்கும். பார்வை போய்விடும்.

1942-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டெர்ரி என்ற டாக்டர் இந்த நோயை முதலில் விவரித்தார். ஆக்சிஜன் மேல் சந்தேகத்தைத் திருப்பியவர் ஆஸ்திரேலியாவின் கேட் கேம்பெல், ஆண்டு 1951. உயிரைக் காக்கக் கொடுத்ததே கண்ணைக் கெடுத்ததென்றால் எவ்வளவு வேதனை! அதற்காக ஆக்சிஜனை நிறுத்தவும் முடியாது, குழந்தை பிழைக்காது. இன்று அளந்து அளந்து கொடுக்கிறார்கள்.

அப்படிக் கூப்பிடும் வேதிப்பொருள் ஒன்று விழித்திரையில் இருக்க வேண்டும் என்று 1948-லேயே ஊகித்தவர் மைக்கேல்சன் என்ற ஆய்வாளர். வி.இ.ஜி.எஃப். என்ற பொருளுக்கு அந்தப் பெயர் கிடைத்தது 1989-இல்; விழித்திரையில் கூப்பிடுவது அதுதான் என்று தெரிந்தது அதற்கும் பிறகு. குழாய்கள் எதனால் முளைக்கின்றன என்று ஆராய்ந்த ஃபோக்மன் போன்றவர்களுக்குக் கருக்கூடிய கோழிமுட்டையே ஆய்வுக்கூடமாக இருந்தது. ஆமாம், அம்மாயி டார்ச் அடித்துப் பார்க்கும் அதே சிவப்பு வேர்கள்தான்!

சர்க்கரை நோயிலும் கதை இதேதான். வருடக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் நுண்குழாய்கள் அடைபடும், விழித்திரை பசியில் கூப்பிடும், கெட்ட குழாய்கள் முளைக்கும். இரண்டு நோயிலும் அந்தக் கூப்பாட்டை அடக்க லேசர் சிகிச்சை உண்டு, வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசியும் உண்டு. ஆனால் காலத்தோடு பார்க்க வேண்டும். 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை வேண்டும் என்பது நம் நாட்டு வழிமுறை. சித்தி வீட்டில் அப்படி ஒரு தம்பிப் பாப்பா பிறந்திருந்தால், "கண் பார்த்தாச்சா?" என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. முட்டைக்குள் அத்தனை சிவப்பு வேரோடு வளர்ந்த குஞ்சு கோழியான பிறகு, அதன் விழித்திரையில் ஒரு ரத்தக் குழாய்கூட இருக்காது. கண்ணுக்குள் சீப்புப் பல்போல மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கசியும் சத்தும், விழித்திரைக்குப் பின்னாலுள்ள குழாய்களும் போதும், நெல்மணியைக் குறி தப்பாமல் கொத்த.